நாமக்கல்லில் எது பெரிது: முட்டையா, லாரியா?

1997-இல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டம் மழையை நம்பிப் பிழைக்க முடியாத மண். அதனால்தான் இங்கே பணம் கோழிக்கும் சக்கரத்துக்கும் போனது.

கோழிப்பண்ணையில் முதலாளிக்குத் தூக்கம் கிடையாது. குஞ்சு வாங்கி ஏறக்குறைய இருபது வாரம் தீனி போட்ட பிறகுதான் முதல் முட்டை. செலவில் பெரும்பங்கு மக்காச்சோளத்துக்கும் சோயாப் புண்ணாக்குக்கும்தான். அந்த விலைகள் பண்ணைக்காரர் கையில் இல்லை. முட்டை விலையும் அப்படித்தான்: தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு பைசாக் கணக்கில் அறிவிப்பதை விடிந்ததும் பார்ப்பார்கள். பத்துப் பைசா இறங்கினால், தினம் ஒரு லட்சம் முட்டை எடுப்பவருக்குப் பத்தாயிரம் ரூபாய் போச்சு. முட்டையைத் தேக்கிவைத்து விலைக்குக் காத்திருக்கவும் ரொம்ப நாள் முடியாது. கேரளாவில் பறவைக் காய்ச்சல் என்றால் இங்கே வயிறு கலங்கும். சத்துணவுத் திட்டம் முட்டையை வாங்குவது ஒரு தெம்பு.

லாரித் தொழிலின் கவலை வேறு மாதிரி. டீசல், டயர், சுங்கம், வங்கித் தவணை. லோடு இல்லாவிட்டால் வண்டியை நிறுத்திவைக்கலாம், தவணை நிற்காது. ஆனால் பாடி கட்டும் பட்டறை, பெயின்ட், டிங்கரிங் என்று ஒரு லாரியைச் சுற்றிப் பல வீட்டில் அடுப்பெரிகிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளோ வடமாநிலம் வரை போய் ஆழ்துளைக் கிணறு போட்டுச் சம்பாதிக்கின்றன.

என்னைக் கேட்டால், கையில் கைவேலை இருக்கிற பையனுக்குப் பட்டறைதான். கோழிக்கு முதலீடு வேண்டும், அப்புறம் நெஞ்சுரமும்.