வெளிநாட்டில் மருத்துவப் படிப்பு: ஆலோசனை நிறுவனத்துக்குக் கட்டிய பணம் எதற்கு உதவியது?

என் மகன் இப்போது மான்செஸ்டரில் மருத்துவம் படிக்கிறான். அவன் விண்ணப்பித்த சமயத்தில் சிங்கப்பூர் நகர மையத்தில் உள்ள ஒரு தனியார் ஆலோசனை நிறுவனத்தில் பணம் கட்டிச் சேர்ந்தோம். எந்தப் பல்கலைக்கழகம் என்று தேர்ந்தெடுப்பது, பிரிட்டிஷ் மருத்துவப் பள்ளிகள் கேட்கும் யூகேட் நுழைவுத் தேர்வுக்கு வழிகாட்டுவது, விண்ணப்பம் எழுத உதவுவது, நேர்முகப் பயிற்சி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 4,000 வெள்ளி, ஜிஎஸ்டி தனி. ஈசூனில் எங்கள் புளோக்கிலேயே தொடக்கக் கல்லூரிப் பிள்ளைகள் உள்ள பெற்றோர் சிலர், அங்கே போகலாமா என்று கேட்கிறார்கள். நேர்முகப் பயிற்சிக்குத் தாராளமாகப் போங்கள். எங்கே படிப்பது என்ற முடிவை மட்டும் அவர்கள் கையில் விடாதீர்கள்.

முதல் சந்திப்பிலேயே அது புரிந்துவிட்டது. ஆலோசகர் எங்கள் முன் வைத்த தாளில் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களோடு, ஐரோப்பாவில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பிக்கும் ஒரு பள்ளியும் இருந்தது. கட்டணம் பாதிக்கும் குறைவு, யூகேட் வேண்டாம், இடம் கிட்டத்தட்ட உறுதி என்றார். நான் அங்கேயே கைப்பேசியில் சிங்கப்பூர் மருத்துவ மன்றம் ஏற்கும் வெளிநாட்டுப் பள்ளிகளின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அந்தப் பள்ளி அதில் இல்லை. கேட்டதற்கு, "பட்டியல் மாறிக்கிட்டே இருக்கும் மேடம், தம்பி முடிச்சு வர்றதுக்குள்ள சேர்த்துடுவாங்க" என்று பதில் வந்தது.

பட்டியல் மாறுவது உண்மைதான். ஆனால் எந்தப் பக்கம் மாறும் என்று யார் சொல்ல முடியும்? வெளிநாட்டு மருத்துவப் பள்ளிகள் 160 இருந்த அந்தப் பட்டியலை 2020 ஜனவரி முதல் 103ஆகக் குறைப்பதாகச் சுகாதார அமைச்சு 2019இல் அறிவித்தது. பிறகு 2025 பிப்ரவரியில் ஒன்பது பள்ளிகளைச் சேர்த்து 112 ஆக்கினார்கள். பட்டியலில் இல்லாத பள்ளியின் அடிப்படைப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே மருத்துவராகப் பதிய முடியாது. பட்டியலில் உள்ள பள்ளியில் படித்து வந்தாலும் நிபந்தனைக்குட்பட்ட பதிவுதான் கிடைக்கும், மேற்பார்வையில் வேலை செய்த பிறகே முழுப் பதிவு. பிள்ளையின் ஆறு வருடத்தையும் வீட்டுச் சேமிப்பையும் ஒரு "சேர்த்துடுவாங்க"வை நம்பி எப்படிக் கொடுப்பது?

அந்தப் பள்ளியில் மாணவரைச் சேர்த்தால் உங்களுக்குத் தரகு உண்டா என்று நேரடியாகக் கேட்டேன். உண்டு என்று மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்கு நன்றி. ஆனால் நான் கேட்காமல் அவராகச் சொல்லியிருக்க வேண்டும். பணம் இரண்டு பக்கமும் வருகிறது என்றால் அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை பெற்றோருக்கு இருக்கிறது. இதில் எனக்கு இன்னமும் கோபம் உண்டு.

பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்கு அவர்கள் தந்த செலவுக் கணக்கும் சரியில்லை. முதலாம் ஆண்டுக் கட்டணத்தை ஐந்தால் பெருக்கி வைத்திருந்தார்கள். பிரிட்டனில் பல மருத்துவப் பள்ளிகளில், மருத்துவமனைப் பயிற்சி தொடங்கும் ஆண்டுகளில் வெளிநாட்டு மாணவர் கட்டணம் நன்றாக ஏறும். வருடாந்தர உயர்வு தனி. மாணவர் விசாவோடு கட்ட வேண்டிய சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்ட். விசா எத்தனை ஆண்டுக்கோ அத்தனைக்கும் முதலிலேயே கட்டியாக வேண்டும். அந்தத் தாளில் இது வரவே இல்லை. என் கணவர் ஒவ்வொரு பல்கலைக்கழக இணையத்தளத்திலும் தேடி எடுத்துப் புதிதாகக் கணக்குப் போட்டார்.

யூகேட் வழிகாட்டல் சுமார்தான். மகன் அப்போது தேசிய சேவையில் இருந்தான். ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் ஒருமுறைதான் எழுத முடியும் என்பதால், முகாமில் விடுப்பு கேட்டு நாள் குறிப்பதே பெரிய பாடு. இவர்கள் கொடுத்த பயிற்சித் தாள்களைவிட, யூகேட் அதிகாரபூர்வத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாதிரித் தேர்வுகள்தான் அவனுக்குக் கைகொடுத்தன. இன்னொன்று, அவன் எழுதியபோது இருந்த வடிவங்களை வைத்துக் கேட்கும் பகுதியை 2025 முதல் எடுத்துவிட்டார்கள். மொத்த மதிப்பெண் 3600இலிருந்து 2700 ஆகிவிட்டது. அண்ணன் அக்கா வைத்திருந்த பழைய புத்தகத்தில் படிக்கும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

சரி, இனி நல்லது. நேர்முகப் பயிற்சிக்கு மட்டுமே அந்த 4,000 வெள்ளியையும் கொடுத்திருப்பேன்.

பிரிட்டனில் பல மருத்துவப் பள்ளிகளில் நேர்முகம் என்றால் ஒரு மேசை, மூன்று பேராசிரியர்கள் என்றெல்லாம் கிடையாது. சில நிமிடங்களுக்கு ஒன்றாகப் பல நிலையங்கள். ஒன்றில் நெறிமுறைக் கேள்வி, இன்னொன்றில் நோயாளியாக நடிப்பவரோடு பேச்சு. இதற்கு இங்கே பயிற்சி தந்தவர் பணி ஓய்வு பெற்ற ஒரு தமிழ்த் தாதி. பலதுறை மருந்தகத்துக்கு வந்திருக்கும் பாட்டியாக அவர் நடித்தார், நீரிழிவு மாத்திரையை நிறுத்திவிட்ட பாட்டி. மகன் எதிரே உட்கார்ந்து, மாத்திரையை நிறுத்தினால் கண் போகும், சிறுநீரகம் போகும் என்று தெளிவான ஆங்கிலத்தில் விளக்கினான். பெற்றோரும் உட்கார்ந்து பார்க்க விட்டார்கள். நன்றாகத்தானே பேசினான் என்று நினைத்தேன். மணி அடித்ததும் அந்த அம்மா தமிழுக்கு மாறினார்: "தம்பி, எல்லாம் சரியாச் சொன்னீங்க. ஆனா நான் ஏன் நிறுத்தினேன்னு ஒரு தடவகூடக் கேக்கலையே."

மறுபடி செய்தார்கள். இந்தமுறை அவன் கேட்டான். பாட்டி உடனே சொல்லவில்லை, பையைத் திறந்தார், மூடினார், மருமகளைப் பற்றி ஏதோ பேசினார். அவன் அவசரப்படாமல் காத்திருந்தான். கடைசியில், மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறது, பேரனைத் தூக்கப் பயமாக இருக்கிறது என்று வந்தது. அவனுடைய பேச்சே அன்றிலிருந்து மாறிவிட்டது. இதை எந்தப் புத்தகத்திலும் படித்துக்கொள்ள முடியாது. மான்செஸ்டரில் சிறு குழுவாக உட்கார்ந்து ஒரு நோயாளியின் பிரச்சினையை எடுத்து அலசிப் படிக்கும் முறை. அங்கே மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை கேட்பதற்கு அந்தப் பயிற்சி உதவுகிறது என்று அவனே சொன்னான்.

அலுவலகத்தில் இருந்த இளம் பெண் ஒருவரையும் பாராட்ட வேண்டும். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக விண்ணப்பிக்கும் தளமான யூகாஸில் மருத்துவ விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அக்டோபர் 15, பிரிட்டன் நேரப்படி மாலை 6 மணி. இங்கே நள்ளிரவு தாண்டி 1 மணி. கல்லூரியை விட்டுப் போன பையனுக்குப் பழைய ஆசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்குவது சுலபமில்லை. அதற்கு அவர் விடாமல் நினைவுபடுத்தி, செப்டம்பரிலேயே எல்லாவற்றையும் அனுப்ப வைத்தார். படிப்பின் கடைசி ஆண்டுகளில், பொது மருத்துவமனைக் குழுமங்களின் தாய் நிறுவனமான எம்ஓஎச் ஹோல்டிங்ஸ் குடிமக்களுக்குத் தரும் மானியம் பற்றியும், வாங்கினால் பொதுத்துறையில் பணியாற்றும் ஒப்பந்தம் உண்டு என்பதையும் சொன்னவர் அவர்தான்.

இந்தியக் கடப்பிதழ் உள்ள நிரந்தரவாசிக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை பிற்பாடு இந்தியாவில் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால், வெளிநாட்டில் சேருமுன்பே இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டில் தேர்ச்சி வேண்டும். 2021 விதிகளின்படி குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாத உள்ளகப் பயிற்சி என்ற நிபந்தனைகளும் உண்டு. எங்களோடு வந்த ஒரு குடும்பத்திடம் இதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. நான்தான் சொன்னேன்.

என் மகள் இப்போது தொடக்கக் கல்லூரியில் முதலாம் ஆண்டு. அவளும் மருத்துவம் என்கிறாள். முதலில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்கும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கோங் சியான் மருத்துவப் பள்ளிக்கும் போடுவோம். இங்குள்ள இன்னொரு மருத்துவப் பள்ளியான டியூக்-என்யூஎஸ், ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர்களுக்கானது, அதனால் பன்னிரண்டாம் வகுப்புக்கு நிகரான ஏ நிலை முடித்தவர்களுக்கு உள்ளூரில் இந்த இரண்டுதான். நேர்முகப் பயிற்சியை மட்டும் தனியாகத் தருவார்களா என்று அந்த நிறுவனத்திடம் கேட்டேன். தருவார்களாம், 900 வெள்ளி. அந்தத் தாதியம்மாதான் நடத்துகிறார் என்பதை எழுத்தில் உறுதி செய்துகொண்டு பணம் கட்டப்போகிறேன்.