கிளச் பிளேட் போய்விட்டது என்று சொல்லும் கராஜில் முதலில் கேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள்

கிளச் கேபிள் தவறான வழியில் இழுத்துக் கட்டப்பட்ட மோட்டார் சைக்கிளும், கிளச் பிளேட் தேய்ந்துபோன மோட்டார் சைக்கிளும் ஓட்டுபவருக்கு ஒரே மாதிரியாகவே தெரியும். இந்த ஒற்றுமையை வைத்துத்தான் யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் என்னிடம் இரண்டாவது தடவை பணம் வாங்கினார்கள். முறைப்பாடு கொடுத்திருப்பதால் கராஜின் பெயரையும் அது இருக்கும் இடத்தையும் எழுதவில்லை. கேட்டு எழுத வேண்டாம். நடந்ததையும், இதே நிலை உங்களுக்கு வந்தால் எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் மட்டும் எழுதுகிறேன்.

என்னுடையது பழைய 100 சீசி ஹீரோ ஹொண்டா. 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து 2025ஆம் ஆண்டு மீண்டும் அனுமதிக்கப்படும் வரை எங்களில் பலர் பழைய வண்டிகளையே திருத்தித் திருத்தி ஓடினோம். இப்போதுள்ள விலைக்கு இனியும் அப்படித்தான் ஓடுவோம். ஆகவே கேபிள், செயின், பிறேக் போன்ற சிறு வேலைகளுக்குக் கராஜ் வாசலில் நிற்பது எங்களுக்குப் புதிதல்ல. சுன்னாகம் சந்தைக்கு அருகில் கிளச் கேபிள் அறுந்தபோதும் நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. லீவருக்குள் இருக்கும் தலைப்பக்கத்தில் இழைகள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து, கடைசியில் மொத்தமாகக் கழன்றிருந்தது. வண்டியை ஒரு தெரிந்தவரின் உதவியோடு அந்தக் கராஜுக்குக் கொண்டுபோனேன். ‘ஒறிஜினல்’ கேபிள் என்று சொல்லி, கூலியோடு 2,800 ரூபா வாங்கிக்கொண்டு, நான் ஒரு தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் வேலையை முடித்துவிட்டார்கள். கேபிள் வந்த பெட்டியையும் காணவில்லை, பழைய கேபிளும் திரும்பி வரவில்லை.

குறை அன்றே தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை என்பதால், கிளச் வழுக்குவது எங்கள் வீதிகளில் கெதியில் வெளிப்படாது. எதிர்க்காற்று வேண்டும், அல்லது பின்னால் ஓர் ஆள் இருக்க வேண்டும். நெல்லியடியிலிருந்து திரும்பும்போது, சோளகக் காற்று நேரே முகத்தில் அடிக்கும் வல்லைவெளியில்தான் அதைக் கண்டேன். அக்சிலேற்றரைத் திருகத் திருக இயந்திரத்தின் சத்தம் மட்டும் ஏறியது, வேகம் ஏறவில்லை. ஒதுங்கி நிற்க ஒரு வீடோ கடையோ இல்லாத அந்த வெளியில், மூன்றாம் கியரிலேயே மெதுவாக உருட்டிக்கொண்டு ஆவரங்கால் வரைக்கும் வந்தேன்.

மறுபடியும் அதே கராஜுக்குப் போனேன், வேலை செய்தவர்களே பொறுப்பு என்பதால். முதலாளி வண்டியில் ஏறி வாசலில் ஒரு வட்டம் அடித்துவிட்டு இறங்கி, “தம்பி, பிளேட் எரிஞ்சு போச்சு. இனி இதை வைச்சு ஓட ஏலாது. கேபிள் அறுந்ததும் அதாலதான்” என்றார். பிளேட்டுக்கும் கூலிக்குமாக 8,500 ரூபா. வண்டி அடுத்த நாள் மாலை கிடைத்தது. பழைய பிளேட்டுகளைக் கேட்டேன். “அதெல்லாம் இரும்புக்குப் போட்டாச்சு” என்றார்கள். பற்றுச்சீட்டுக் கேட்டேன், புத்தகம் முடிந்துவிட்டதாம். வண்டியோ முன்னர் வழுக்கியது போலவே வழுக்கியது.

எங்கள் ஒழுங்கையில், போக்குவரத்துச் சபையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற ஒரு ஐயா இருக்கிறார். அவர் வண்டியில் ஏறவும் இல்லை, ஸ்டார்ட் பண்ணவும் இல்லை. ஹாண்டிலை முழுவதுமாக வலப்பக்கம் திருப்பி, கிளச் லீவரை ஒரு விரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னார். தளர்வு துளியும் இல்லை. லீவர் கல்லுப்போல் நின்றது. இடப்பக்கம் திருப்பியபோது ஏதோ கொஞ்சம் ஆடியது. அவ்வளவுதான் பரிசோதனை.

காரணம் இதுதான். என் வண்டியில் கிளச் லீவர் இடக்கையில் இருக்கிறது. கேபிள் இழுக்க வேண்டிய சிறு நெம்புகோல் இயந்திரத்தின் வலப்பக்க மூடியின் மேல் இருக்கிறது. ஆகவே கேபிள் ஹாண்டிலிலிருந்து வளைந்து இறங்கி, வண்டியின் கழுத்தைத் தாண்டி மறுபக்கம் போக வேண்டும், ஹாண்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இழுபடாத அளவுக்கு அந்த வளைவில் இடமும் இருக்க வேண்டும். கராஜில் போட்டிருந்த கேபிள் வேறு மொடலுக்கு உரியது. என் வண்டிக்குக் கட்டையானது. கழுத்துக்குப் பக்கத்தில் அதற்கென்றே இருக்கும் கம்பி வளையத்தினூடாக விட்டால் நீளம் போதாது என்பதால், அதை வெளியே எடுத்து, குறுக்கு வழியில் கீழே இறக்கி, பிளாஸ்டிக் டையால் சட்டத்தோடு இறுகக் கட்டியிருந்தார்கள். ஹாண்டில் வலப்பக்கம் திரும்பும்போது இடக்கைப்பிடி முன்னே விலகிப் போகிறது. கேபிளின் வெளியுறை அந்த அசைவோடு நகர முடியாமல் இழுபட்டு, அதன் முனை பொருந்தியிருக்கும் இடத்திலிருந்து விலக, உள்ளே இருக்கும் கம்பி இறுகி, நாங்கள் லீவரைத் தொடாமலேயே கிளச்சைப் பாதி பிடித்துவிடுகிறது. நேராக ஓடும்போதும் வழுக்கியதற்குக் காரணம், லீவர் ‘இறுக்கமாக’ இருக்கட்டும் என்று கேபிளின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் அஜஸ்டரில் இருந்த தளர்வு முழுவதையும் எடுத்துவிட்டிருந்தார்கள். கிளச் பிளேட்டுகளை அழுத்திப் பிடிப்பவை உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகள். கேபிள் எப்போதும் சற்று இழுத்தபடியே இருந்தால் அந்த அழுத்தம் குறைந்து பிளேட்டுகள் ஒன்றோடொன்று உராய்ந்து வழுக்கும். அப்படியே மாதக்கணக்கில் ஓடியிருந்தால் பிளேட்டுகள் உண்மையாகவே எரிந்திருக்கும், கராஜ்காரர் சொன்ன பொய்யும் மெய்யாகியிருக்கும்.

கேபிளின் கீழ்ப்பகுதி சைலன்சர் குழாயைத் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் கறுப்பு உறை உருகி, உள்ளே சுருளாகச் சுற்றியிருக்கும் தகட்டுக் கம்பி பளபளவென்று தெரிந்தது.

பிளேட் விடயத்துக்கு வருவோம். அதை மாற்றுவதென்றால் என் வண்டியில் வலப்பக்க மூடியைக் கழற்ற வேண்டும். மூடியைக் கழற்றுவதற்கு முன் ஒயிலை வடிப்பார்கள். கழற்றினால், ஒயில் கசியாமல் மூடிக்கு அடியில் வைக்கும் பழைய பக்கிங் பெரும்பாலும் கிழியும், புதிது போட வேண்டும். வண்டியைச் சாய்த்து வைத்து ஒயிலை மிச்சம் பிடிப்பவர்களும் உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூடியின் போல்ட்டுகளில் ஸ்பானர் போடாமல் எவராலும் திறக்க முடியாது. ஐயா ஒரு டோர்ச்சை அடித்துக் காட்டினார்: போல்ட்டுத் தலைகளின் மேல் செம்மண்ணும் ஒயிலும் சேர்ந்து காய்ந்த பழைய அழுக்கு அப்படியே இருந்தது. மூடியின் விளிம்போரத்திலும் அதே அழுக்கு, வெடிப்பு இல்லாமல், ஒரே தோலாக. ஒயில் கரிக்கறுப்பாக இருந்தது. நான் 8,500 ரூபா கொடுத்த வேலை நடக்கவே இல்லை. அந்த நிலையிலேயே, எதையும் துடைக்காமல், கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு இன்னொரு கராஜைத் தேட மனம் வரவில்லை. ஸ்பானர் பிடித்துப் பழக்கமில்லாத நான், ஐயா கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல, கேபிளை நானே மாற்றினேன். கழற்றிய கேபிளைக் கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குவதே வழக்கம். ஆனால் என்னிடம் இருந்ததோ பிழையான கேபிள். ஆகவே வண்டியையே ஸ்ரான்லி வீதியில் உள்ள உதிரிப்பாகக் கடைக்குக் கொண்டுபோய், மொடலையும் ஆண்டையும் சொல்லி, புதியதை வண்டியின் மேல் தோராயமாக வைத்துப் பார்த்தே வாங்கினேன். இரண்டையும் பக்கத்தில் வைத்தபோது கராஜ் போட்டது ஏறக்குறைய ஒரு சாண் கட்டையாக இருந்தது.

சரியான கேபிள் போட்டிருக்கும் வண்டியென்றால், பழையதைக் கழற்றும்போது அதன் கீழ்முனையில் ஒரு நீளத் தங்கூசியை (நைலோன் நூலை) கட்டிவிட்டு மேலே உருவ வேண்டும். கேபிள் வெளியே வந்தாலும் அது போன வழியில் தங்கூசி நிற்கும். புதிய கேபிளை அதில் கட்டி இழுத்தால் எந்த வளையமும் தப்பாது. என் வண்டியில் அந்த வழியே பிழை என்பதால், அயலவர் ஒருவரின் அதே மொடல் வண்டியைப் பார்த்துப் பார்த்துப் போட வேண்டியிருந்தது. லீவர் பக்கத்தில் உள்ள அஜஸ்டரிலும் அதன் பூட்டு நட்டிலும் லீவரிலும் ஒவ்வொரு பிளவு இருக்கிறது. மூன்று பிளவுகளையும் ஒரே கோட்டில் கொண்டுவந்தால் கம்பி பக்கவாட்டில் தானாகக் கழன்று வரும். இது தெரியாதவர்கள்தான் குறடு வைத்து இழுத்து லீவரைக் கீறுகிறார்கள். கேபிளின் தலையில் இருக்கும் சிறிய உருளை லீவருக்குள் தாராளமாகச் சுழல வேண்டும். சுழலாவிட்டால் ஒவ்வொரு தடவை பிடிக்கும்போதும் கம்பி அதே இடத்தில் மடிந்து மடிந்து இழை இழையாக அறும், என் முதல் கேபிள் அறுந்தது போலவே. அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் கிறீஸ் வைத்தேன். பண்ணைப் பாலத்தால் தீவுப்பகுதிக்கு நாளாந்தம் போய் வருபவர்கள் இதை அடிக்கடி செய்வது நல்லது. உப்புக்காற்று முதலில் பிடிப்பது வெளியே தெரியும் கம்பி முனைகளைத்தான்.

வளைவுகள் அகலமாக இருக்க வேண்டும், சைலன்சர் குழாயிலிருந்து விலகி இருக்க வேண்டும், மின்வயர்க் கட்டோடு பின்னக் கூடாது. மேல் அஜஸ்டரை உள்ளே முழுவதும் திருகி வைத்துவிட்டு, இயந்திரப் பக்கத்தில் உள்ள நட்டுகளால் பெரும்பகுதித் தளர்வைச் சரிசெய்து, கடைசி நுணுக்கத்துக்கு மட்டும் மேலே வந்தோம். லீவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை தளர்வு இருக்க வேண்டும் என்பது இவ்வகைச் சிறு வண்டிகள் பலவற்றுக்குப் பொதுவான அளவு. உங்கள் வண்டியின் கைநூல் வேறு அளவு சொன்னால் அதுவே சரி. பிறகு இயந்திரத்தை ஓடவிட்டு, நடு ஸ்டாண்டில் வைத்தே ஹாண்டிலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திருப்பிப் பார்த்தோம். சத்தமும் மாறவில்லை, தளர்வும் மாறவில்லை. அன்று மாலையே வல்லைவெளிக்குப் போனேன். காற்று நன்றாகவே அடித்தது; வண்டி வழுக்கவில்லை. உள்ளே இருப்பவை என் பழைய பிளேட்டுகள்தான்.

கராஜ் முதலாளியிடம் படங்களையும் உருகிய கேபிளையும் காட்டினேன். “கேபிள் சூட்டுக்கு உருகுறது சாதாரணம் தம்பி, பிளேட் நாங்கள் போட்டதுதான்” என்றார். அப்படியென்றால் ஐயாவின் முன்னிலையில் மூடியைத் திறந்து பார்ப்போம் என்றேன். அதற்கு அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கேபிள் காசை மட்டும் தருகிறேன் என்றார், நான் வாங்கவில்லை. வாங்கினால் மற்றதையும் தீர்த்துக்கொண்டதாக ஆகிவிடும் என்று ஐயா சொன்னார். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பொருள் வாங்கிய அல்லது சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத வேண்டும் என்பதால், சமாதானம் பேசிக்கொண்டே காலத்தைக் கடத்திவிடாதீர்கள். 1977 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். பற்றுச்சீட்டு இல்லாததால் காசு விடயத்தில் எனக்கு இருக்கும் ஒரே பலம், கேபிளுக்கும் பிளேட்டுக்கும் காசு கேட்டு அவர்கள் அனுப்பிய குறுஞ்செய்திகள்.

உங்கள் வண்டியைக் கொடுக்கும்போது, கழற்றும் பொருள் எல்லாவற்றையும் எனக்குத் தர வேண்டும் என்று வேலை தொடங்குவதற்கு முன்னரே சொல்லிவிடுங்கள். முடிந்த பிறகு கேட்டால் எல்லாம் இரும்புக்குப் போயிருக்கும். பொருள் விலையையும் கூலியையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பிளேட் மாற்றியதாகச் சொன்னால் சீட்டில் ஒயிலும் பக்கிங்கும் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் முன்னர், கேபிளைத் தளர்த்திவிட்டு ஒரு தடவை ஓடிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஒரு ஸ்பானர் போதும், நேர்மையான மெக்கானிக் எவரும் மறுக்க மாட்டார்.