மலையில் நனையாதது அலுமாரியில் உரிந்தது: ஒரு மழை ஜக்கெற்றுடன் ஏழு ஆண்டுகள்

சித்தப்பாவின் மகன் சென்ற கிழமை தொலைபேசியில் ஒரேயொரு கேள்விதான் கேட்டான்: “அண்ணை, உங்கட மழை ஜக்கெற் எப்பிடி, நானும் ஒண்டு எடுக்கவோ?” ஓகஸ்ட் மாதம் நண்பர்களோடு கிரிகல்பொத்தை ஏறப் போகிறானாம். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அவன் கேட்ட நேரத்தில் அந்த ஜக்கெற் உட்புறம் வெளியே தெரியச் சாப்பாட்டு மேசையில் விரிந்து கிடந்தது. நான் பஞ்சும் ஸ்பிரிட்டுமாக அதன் தையல்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோபத்தோடு சொல்லும் பதில் நியாயமாக இராது என்பதால், ஆறுதலாக எழுதுகிறேன் என்றேன். ஆறுதல் இன்னும் வந்தபாடில்லை.

ஜக்கெற் 2018ஆம் ஆண்டு மார்கழியில் ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சானின் பெட்டியில் சொக்லேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே வந்து சேர்ந்தது. இரண்டரை அடுக்கு, அதாவது வெளித்துணி, அதன் உட்புறத்தில் நீர் புகாத பொலியூரிதேன் படலம், அதன்மேல் துணிக்குப் பதிலாக மெல்லிய பூச்சு மட்டும்; பத்தாயிரம் மில்லிமீற்றர் உயர நீரின் அமுக்கத்தைத் தாங்கும் அளவு, அக்குளில் ஜிப். இந்த வகையில் நடுத்தர விலைக்கு எது கிடைக்குமோ அதுதான். அம்மா தடவிப் பார்த்துவிட்டு, “உந்தப் பொலித்தீன் சட்டைக்கோ உவ்வளவு காசு?” என்றார். கீரிமலையைத் தவிர மலை என்று பெயர் கொண்ட எதையும் அன்றாடம் காணாத யாழ்ப்பாணத்து ஊரில், அதுவும் கடலோரத்துச் சிறு மேடாக இருக்கையில், மலையேறும் உடுப்பு வைத்திருப்பவன் இந்தக் கேள்விக்குப் பழகிக்கொள்ளத்தான் வேண்டும். எங்களுக்கு மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வாடைக்காற்றோடு வருகிறது. மலைநாட்டின் மேற்குச் சரிவுகளோ, இங்கே சோளகக் காற்று புழுதியைக் கிளப்பி எறியும் வைகாசி, ஆனி மாதங்களில்தான் நனைந்து ஊறுகின்றன. ஆகவே ஆண்டில் பத்தோ பதினைந்தோ நாட்களுக்குத்தான் அதற்கு வேலை. மீதி நாட்கள் முழுவதும் அது அலுமாரியில் இருக்கிறது. என் முறைப்பாடு எல்லாம் அந்த மீதி நாட்களைப் பற்றியதுதான்.

முதலில் மலையைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அங்கே அதன்மீது பெரிதாகக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2019 ஆடி மாதம் ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து கிரிகல்பொத்தைக்குப் போனோம். இலங்கையின் இரண்டாவது உயரமான சிகரம். போக மட்டும் ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர். வழிநெடுக இடுப்பளவு புதர்கள், ஒவ்வொன்றும் தன் இலைகளில் தேக்கிவைத்த நீரை வருகிறவன்மீது கொட்டுவதற்கென்றே காத்திருப்பவை. மழை விட்டு விட்டுப் பெய்தாலும் புதர்கள் விடாமல் பெய்தன. நான்கு மணிநேரம் கழித்து என் காற்சட்டை முழங்காலுக்கு மேலும் ஊறி, சப்பாத்துக்குள் அட்டைகள் குடும்பத்தோடு குடியேறியிருந்தன. மார்பும் முதுகும் காய்ந்தே இருந்தன. சிகரத்துக்குக் கீழே, மரங்கள் விட்டுப்போன இடத்தில் காற்று அடித்தபோதுதான் நான் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. மழையைத் தடுப்பதைவிடக் காற்றைத் தடுப்பதில்தான் இந்த உடுப்பு கெட்டி. உள்ளே ஒரு மெல்லிய கம்பளிச் சட்டைதான். இருந்தும் கூதல் ஏறவில்லை. சிவனொளிபாத மலையில் விடியலுக்காகக் காத்திருந்த இரு தடவைகளிலும் அதே அனுபவம். பக்கத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்கியவர்களைப் பார்த்துச் சற்றே பெருமைப்பட்டதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கயிறு கட்டிப் பாறை ஏறுவதற்கு இது அவ்வளவு பொருத்தமில்லை. தலைக்கவசத்தின் மேலால் தொப்பியை இழுத்தால் நாடி வரை வராது. இரண்டு கைகளையும் உயர்த்தினால் இடுப்புப் பட்டிக்குள் சொருகிய ஓரம் கழன்று மேலே வரும். இவற்றைவிட எரிச்சலானது வேறொன்று. ஈரப் பாறையில் தலைக்கு மேலே பிடி தேடிக் கையை வைத்தவுடன், பாறையில் வழியும் நீர் விரல்களுக்கிடையே இறங்கி, மணிக்கட்டின் ஒட்டுப்பட்டியை எவ்வளவு இறுக்கியிருந்தாலும் ஏதோ ஒரு சுருக்கத்தைக் கண்டுபிடித்து, முழங்கையைக் கடந்து அக்குள் வரை ஒரே நேர்கோட்டில் குளிர்ந்தபடி போகும். கைகளை உயர்த்தி வேலைசெய்யும் எவருக்கும் எந்தச் சட்டையிலும் இது நடக்கும் என்பது நியாயம். ஆனாலும் அந்த ஒற்றைக் கோடு நீர் முழு மழையைவிட அதிகமாகக் கோபத்தைக் கிளப்பும்.

வியர்வை பற்றியும் தம்பி கேட்பான். இந்த உடுப்பு ‘மூச்சுவிடும்’ என்று எழுதுகிறார்கள். தானாக அது எதையும் விடுவதில்லை. உள்ளேயுள்ள நீராவியின் அமுக்கம் வெளியேயுள்ளதைவிட எவ்வளவு கூடுதலோ அவ்வளவுக்குத்தான் ஆவி படலத்தைக் கடந்து போகும். உடலை ஒட்டிய ஈரக்காற்று 35 பாகையில் இருந்தால் அதன் ஆவியமுக்கம் ஏறத்தாழ 56 ஹெக்ரோபஸ்கல் (அமுக்கத்தை அளக்கும் அலகு). ஹோர்ட்டன் சமவெளியில் மழை பெய்யும் 10 பாகைக் காற்றில் அது 12 மட்டுமே. நாற்பத்துநான்கு வித்தியாசம், ஆவிக்குப் போக வழி உண்டு. யாழ்ப்பாணத்துக் கார்த்திகை மழையில் வெளியே 25 பாகை, 32 ஹெக்ரோபஸ்கல். வித்தியாசம் இருபத்துநான்கு, பாதியை விடச் சற்றுக் கூட, அவ்வளவுதான். மாரியில் ஒருமுறை இதைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து வந்தபோது, வீட்டு வாசலில் கழற்றிய சட்டையைப் பிழிந்தால் நீர் வடிந்தது. மழை உள்ளே வரவில்லை, நானே மழையாகியிருந்தேன். வயலில் உரப்பையைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பவருக்கு முன்பக்கம் முழுவதும் காற்றுக்குத் திறந்திருக்கிறது. எங்கள் மழைக்கு அவருடைய ஏற்பாடே சரி.

இனி அலுமாரி. 2020இல் நோய்க்கால ஊரடங்கு, 2022இல் பெற்றோலுக்கு வரிசை. இரண்டுக்கும் இடையே மலைநாட்டுப் பயணம் ஒன்றுகூட அமையவில்லை. ஜக்கெற்றைத் துவைத்து, காயவைத்து, மடித்து, மாடி அறை அலுமாரியின் மேற்தட்டில் நப்தலீன் உருண்டைகளோடு வைத்தேன். அந்த அறையின் கூரை அஸ்பெஸ்ரஸ் தகடு. பங்குனி, சித்திரையில் நண்பகலில் 35 பாகையைத் தாண்டும். 2023 தையில் எடுத்து உதறியபோது சாம்பல் நிறத்தில் மெல்லிய செதில்கள் நிலத்தில் கொட்டின. மீன் வெட்டும் இடம்போல இருந்தது. கழுத்தைச் சுற்றியும் தொப்பிக்குள்ளும் படலம் உரிந்திருந்தது; தோளில் தையலை மூடும் பட்டி ஒரு விரல் நீளத்துக்குத் தூக்கி நின்றது; உட்புறத்தை விரலால் தொட்டால் பழைய ரயர்த் துண்டுபோலப் பிசுபிசுத்தது.

காரணம் தெரியாத மர்மம் ஒன்றும் இல்லை. பொலியூரிதேனின் சங்கிலிகளை நீர் மெல்ல மெல்ல அறுக்கிறது. வெப்பம் அந்த வேலையை விரைவாக்குகிறது. ஈரமும் வெப்பமும் ஆண்டு முழுவதும் கூடவே இருக்கும் கரையோர ஊரில், அலுமாரியில் மடித்து வைப்பதென்பது அதை மெல்லிய நெருப்பில் அவிப்பதற்குச் சமம். உரிந்த இடங்களைப் பார்த்தபோது இன்னொன்றும் விளங்கியது: கழுத்தும் தொப்பியும்தான் முதலில் போயின, அவைதான் என் தலைமயிரைத் தொடுபவை, என் தலையில் நல்லெண்ணெய் இல்லாத நாள் இல்லை. உடல் எண்ணெய் இத்தகைய படலங்களுக்குப் பழைய பகை. 1970களின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்த, நுண்துளைப் படலம் கொண்ட முதற் கோர்-ரெக்ஸ் மழை உடுப்புகளிலேயே எண்ணெய் நுண்துளைகளில் படிந்து ஒழுக்கு ஏற்பட்டதால்தான், பிறகு அதன் உட்புறத்தில் காப்புப் படலம் ஒன்றைச் சேர்த்தார்கள். வியர்வை எண்ணெய்க்கே அந்தப் பாடு என்றால், சனி முழுக்குக்கு என்ன சொல்வது?

தயாரித்தவர்களுக்கு எழுதினேன். மூன்று நாளில் மரியாதையான மறுமொழி வந்தது: வழமையான தேய்மானத்துக்கு உத்தரவாதம் பொருந்தாது, குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும். குளிர்ந்த, உலர்ந்த இடம்! அப்படியொன்று எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்குள்தான் இருக்கிறது; அங்கே வைத்தால் அம்மா என்னை வெளியே வைப்பார். ஏழு ஆண்டில் மொத்தமாக எழுபது எண்பது நாள் உடுத்ததை வழமையான தேய்மானம் என்று எந்தக் கணக்கில் சொல்கிறார்கள் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

அடுத்த பிழை என்னுடையது. தூக்கி நின்ற பட்டியை ஒட்டித்தரும்படி தையற்காரரிடம் கொடுத்தேன். அவர் தொழில் தெரிந்தவர், ஒட்டுவதில் நம்பிக்கை இல்லாதவர். மாலையில் போனால் பட்டியின் இரு ஓரங்களிலும் மயிரிழை பிசகாத இரட்டைத் தையல் ஓடியிருந்தது. அவ்வளவு அழகான தையலை நான் கண்டதில்லை. அழகான ஒவ்வொரு ஊசித் துளையும் நீருக்கு ஒரு வாசல். காசையும் கொடுத்து நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன்.

துவைப்பது பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இங்கேயும் ஊர் குறுக்கே வருகிறது. வெளித்துணியில் நீர் முத்துமுத்தாக உருளாமல் பரவி ஊறத் தொடங்கினால், சவர்க்காரத் திரவத்தால் கழுவி, நன்றாக அலசி, இளஞ்சூடு கொடுக்க வேண்டும். நீரை விலக்கும் பூச்சு சூட்டில்தான் மீண்டும் எழும். முதுகுப்பையின் பட்டி உராயும் தோள்களில் இது அடிக்கடி வேண்டியிருக்கும். ஆனால் எங்கள் கிணறு சுண்ணக்கல்லில் வெட்டியது. கேத்திலின் அடியில் வெள்ளைப் பொருக்குக் கட்டும் அந்த வன்னீரில் சவர்க்காரம் நுரைக்காமல் மெழுகுபோலத் திரிந்து துணியில் படிகிறது. கழுவிய பின் முன்னையதைவிட மோசமாக ஊறுகிறது. இரண்டு தடவை ஏமாந்த பிறகு, கார்த்திகையில் கூரைத் தாழ்வாரத்தில் வாளி வைத்துப் பிடித்த மழைநீரில் அலசினேன். பிறகு துவாயை மேலே விரித்து, அயன் பெட்டியை மிகக் குறைந்த சூட்டில் தடவிவிட்டு, தோளில் ஒரு கரண்டி நீர் விட்டேன். சேம்பிலையில் உருள்வதுபோல உருண்டு விழுந்தது. வீட்டிலுள்ள எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா மட்டும் வந்து பார்த்தார்.

இப்போதைய பழுது பார்ப்பு அந்த ஊசித் துளைகளுக்காகத்தான். தையலைப் பிரித்து, பழைய பசையை ஸ்பிரிட்டால் துடைத்து, தையல் அடைக்கும் திரவப் பசையைத் தூரிகையால் இரண்டு தடவை பூசியிருக்கிறேன். தொப்பியில் உரிந்த இடத்துக்கு வைத்தியம் கிடையாது.

ஆகவே தம்பிக்கு என் பதில்: இந்த வகையை வாங்காதே. கட்டாயம் ஒன்று வேண்டுமென்றால் உட்புறத்தில் துணி ஒட்டிய மூன்றடுக்கைப் பார். அதில் உன் தோலும் எண்ணெயும் படலத்தில் நேரே படாது. புளோரின் சேர்மங்களைக் கைவிட்டுப் புதிதாக வரும் நீர்விலக்குப் பூச்சுகள் நீரை விலக்கும், ஆனால் எண்ணெயை விலக்குவதில்லை என்பதையும் நினைவில் வை. அடிக்கடி கழுவ வேண்டிவரும், எந்த நீரில் என்று சொல்லிவிட்டேன். ஆண்டுக்கு ஒரு முறை மலை பார்க்கிறவனுக்கு, முதுகுப்பையையும் சேர்த்து மூடும் பொன்சோ, அதாவது கையில்லாத மழைப் போர்வை, ஒன்று போதும். காற்றில் அடித்துப் பறக்கும், புதரில் கிழியும். கிழிந்தால் மனம் நோகாது.

இவ்வளவையும் சுருக்கி நேற்று இரவு அவனுக்கு அனுப்பினேன். விடிய முதல் மறுமொழி வந்துவிட்டது: “அப்ப உங்கடையத் தாங்கோவன் அண்ணை, பிறகேன் வச்சிருக்கிறியள்?”

தர முடியாது. பசை காய இன்னும் ஒரு நாள் வேண்டும். அது மாடி அறையிலிருந்து இறங்கி, கீழே கூடத்தில் மின்விசிறிக்கு நேரே, மடிக்காமல், கொழுவியில் தொங்குகிறது. மார்கழிப் பூரணையோடு சிவனொளிபாத மலைக்குப் பருவம் தொடங்குகிறது. ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் வாளி வைக்க வேண்டும்.