அன்கியில் மூன்று வருட ஆங்கிலச் சொல் சேகரிப்பு

ஆங்கிலச் சொல்வளத்துக்காக அன்கி என்ற நினைவு அட்டைச் செயலியை நான் தினமும் திறக்கத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனுக்கு மட்டும் காசு. ஒரு சொல் மறக்கப்போகிற சமயம் பார்த்து அதை மறுபடி காட்டும். சரியாகச் சொல்லச் சொல்ல இடைவெளி நாள், வாரம், மாதம் என்று நீளும்.

முதல் ஐந்து மாதம் எனக்குப் பெரிதாகப் பலனில்லை. வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்ஈ தேர்வுக்காக யாரோ தொகுத்த அட்டைகளை அப்படியே இறக்கிக்கொண்டதுதான் காரணம். முன்னால் சொல், பின்னால் ஒரு வரிப் பொருள். 'டெர்ஸ்', 'லகானிக்', 'சக்சிங்ட்' மூன்றுக்குமே 'சுருக்கமான' என்று சொல்லித் தாண்டிவிடுவேன். ஒருநாள் மேலாளரின் குறிப்பைப் பாராட்டி எழுதிய மின்னஞ்சலில் 'டெர்ஸ்' என்று போட்டுவிட்டேன். வெடுக்கென்று பேசுவது என்ற சாயலும் அதில் உண்டு. நான் எழுத நினைத்தது 'சக்சிங்ட்'. அவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் அகராதியைத் திறந்தேன்.

அன்று இரவே அந்தத் தொகுப்பை அழித்தேன். அதற்கப்புறம் நான் வாசித்த கட்டுரையில் வந்த வாக்கியம்தான் அட்டை. சொல் இருக்கும் இடம் மட்டும் வெற்றிடம். ஜிஆர்ஈ தேர்விலும் 2011இல் எதிர்ச்சொல் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். வாக்கியத்தோடு பொருந்தும் சொல்லைத்தான் இப்போது கேட்கிறார்கள்.

புதிய அட்டை நாளுக்கு 20 என்று செயலியில் இருந்ததை 5 ஆக்கினேன். ஒவ்வொன்றும் திரும்பத் திரும்ப வருமே! 2023 கடைசியில் அட்டை எப்போது திரும்ப வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்க எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய கணக்கீடு வந்ததும் அதற்கு மாறினேன். தினசரிச் சுமை நன்றாகக் குறைந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 'லீச்' வசதி. எட்டு முறை மறந்த அட்டையை அடையாளமிட்டுக் காட்டும், வேண்டுமென்றால் ஒதுக்கியும் வைக்கும். என்னிடம் அப்படி ஒதுங்கியது 'எனர்வேட்'. 'எனர்ஜி' மாதிரி ஒலிப்பதால் தெம்பூட்டுவது என்றே மனம் சொல்லும். பொருளோ தெம்பை உறிஞ்சுவது. லத்தீன் மூலத்தைத் தேடினேன். நரம்பை உருவிவிடுதல்! நம் 'நாடி தளர்ந்துபோவது' பக்கத்தில் வந்து நிற்கிறது. அதன்பின் மறக்கவே இல்லை.

ஒன்று சொல்லியாக வேண்டும். அட்டை பார்ப்பதால் சொல் அடையாளம் தெரியும், ஆனால் எழுதும்போது தானாக வந்து விழாது. அதனால் ஞாயிறுதோறும் அந்த வாரச் சொற்களை வைத்து ஒரு பத்தி எழுதுகிறேன். தினசரி அட்டைக்குப் பத்து நிமிடம், இதற்கு அரை மணி நேரம். நேரமில்லாத வாரத்தில் புதிய அட்டைகளை நிறுத்திவிடுவேன், பத்தியை விடுவதில்லை.