வெந்நீர் சீட்: ஊட்டியில் இரண்டு குளிர்காலம், ஒரு பம்பு

போன வாரம் கோவையிலிருந்து நண்பன் போன் செய்தான். "அந்த வெந்நீர் சீட் வாங்கினியே, எப்படி இருக்கு? இப்ப ஆஃபர்ல 29,000க்கு வருது. வாங்கட்டுமா?" டாய்லெட்டில் உட்காரும் சீட்தான், ஆனால் கரன்ட்டில் ஓடுவது: உட்காரும் இடம் சூடாக இருக்கும், பட்டனை அழுத்தினால் வெந்நீர் பீய்ச்சிக் கழுவும். நான் வாங்கியது 38,000க்கு. அவன் கேட்டதோ, அதே சீட்டின் சர்க்யூட் போர்டுக்கு 6,400 ரூபாய் அழுதுவிட்டு வந்த மறுநாள். அன்று சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. இப்போது கோபம் கொஞ்சம் ஆறியிருக்கிறது. முழுதாக அல்ல.

எங்கள் வீடு ஊட்டியில். டிசம்பர், ஜனவரி விடியலில் புல்தரை வெள்ளையாக உறைந்து கிடக்கும். ஹீட்டர் வைத்தாலும் ஹாலோடு சரி, டாய்லெட்டுக்கு யாரும் வைப்பதில்லை. அந்த நேரத்தில் ஹெல்த் ஃபாசெட்டை அழுத்தத் தனித் தைரியம் வேண்டும். சின்ன வயதிலிருந்து எங்களுக்குத் தெரிந்த வழி, ஒரு சொம்பு வெந்நீரோடு உள்ளே போவது. அப்பாவுக்கு 76 வயதில் மூல ஆபரேஷன் ஆனது. சொம்பைப் பிடித்துக்கொண்டு குனிவதே அவருக்குப் பெரும்பாடாகிவிட்டது. அதற்காகத்தான் வாங்கினேன்.

இந்தச் சாதனத்தின் பூர்வீகமும் ஏறக்குறைய அதுதான். 1964-இல் ஜப்பானின் டோட்டோ கம்பெனி அமெரிக்காவிலிருந்து வரவழைத்து விற்ற சீட், நோயாளிகளை மனதில் வைத்துச் செய்தது. 1980-இல்தான் 'வாஷ்லெட்' என்று தன் சொந்தத் தயாரிப்பை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. (என் வீட்டில் இருப்பது வேறு கம்பெனி.) ஜப்பானில் இது ஏன் இப்படிப் பரவியது என்பது ஊட்டியில் இருப்பவனுக்குச் சட்டென்று புரியும். அங்கும் பெரும்பாலான வீடுகளில் வீடு முழுவதையும் சூடாக்கும் ஏற்பாடு கிடையாது. காலையில் டாய்லெட் சீட் ஐஸ்கட்டிதான்.

மாட்டுவது அரைமணி நேர வேலை என்று பெட்டியில் படம் போட்டிருந்தது. பழைய சீட்டின் இரண்டு போல்ட்டைக் கழற்று, தகட்டை வை, ஆங்கிள் காக்கில் ஒரு 'டி' போட்டு ஓஸை இணை, டெஃப்லான் டேப் சுற்று. அதெல்லாம் உண்மையிலேயே அரைமணி நேரம்தான். அதற்கு முன்னால் எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தபோது, பாத்ரூம் பிளக்கில் மூன்று ஓட்டை இருந்தது, எர்த் கம்பி இல்லை. பழைய வீடு. ஈரக் காலோடு உட்காரும் இடத்தில் கரன்ட் சமாச்சாரம் என்பதால் எர்த்தும் இழுத்து, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரன்ட்டைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. சுவிட்சும் போட்டோம். இதில் எனக்கு வருத்தமில்லை.

வருத்தம் தண்ணீரில் வந்தது. பத்து மீட்டர் உயரத்தில் தண்ணீர் இருந்தால்தான் கீழே ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். சீட்டுக்குக் குறைந்தது அரை பார் வேண்டும், அதாவது ஐந்து மீட்டர். எங்கள் சின்டெக்ஸ் தொட்டி சீட்டிலிருந்து மூன்று மீட்டர்தான். முதல் நாள் பட்டனை அழுத்தினோம். நாசில் கம்பீரமாக வெளியே வந்தது. தண்ணீர், மழை நின்ற பிறகு தகரக் கூரை ஓரத்தில் சொட்டுமே, அப்படி வந்தது.

"ஒரு பிரஷர் பம்பு போட்டுட்டா முடிஞ்சுது சார்" என்றார் பிளம்பர். எங்கே முடிந்தது? அன்றுதான் ஆரம்பித்தது.

அந்தப் பம்பு, குழாயில் அழுத்தம் குறைந்தால் தானாக ஓடும், ஏறினால் தானாக நிற்கும். ஷவருக்கு ஒழுங்காக வேலை செய்யும். சீட் குடிக்கும் தண்ணீரோ நிமிடத்துக்கு ஒரு லிட்டர்கூட இல்லை. பம்பு ஓடின வேகத்தில் அழுத்தம் ஏறிவிடும், நின்றுவிடும். அடுத்த நொடி குறையும், மறுபடி ஓடும். டொர்ர், டக். டொர்ர், டக். பம்பு இருப்பது சமையலறைக்குப் பின்சுவரில். யார் உள்ளே போனார்கள், எவ்வளவு நேரம் கழுவினார்கள் என்பது வீட்டுக்கே தெரியும். "உங்கப்பாவுக்கு இன்னைக்கு ஏழு தடவை அடிச்சுது, வயிறு சரியில்லையோ?" என்று அம்மா கணக்கு வைக்க ஆரம்பித்தாள். ஒருநாள் தங்கையின் மாமனார் வந்திருந்தார். நாங்கள் ஹாலில் காபியோடு உட்கார்ந்திருக்க, அவர் உள்ளே போனார். டொர்ர், டக். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அம்மா எழுந்து டி.வி. சத்தத்தைக் கூட்டினாள்.

எட்டு மாதம் கழித்து வேறொரு பிளம்பர், பம்புக்குப் பக்கத்தில் காற்று அடைத்த சின்ன பிரஷர் டேங்க் ஒன்றை மாட்டினார். கொஞ்சம் தண்ணீரை அழுத்தத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுமாம். உண்மைதான், டொர்ர்-டக் கச்சேரி நின்றது. ஆனால் பாத்ரூம் முழுவதும் அந்த ஒரே லைன். ஃப்ளஷ் டேங்கில் வாஷர் கொஞ்சம் கசிந்தாலும் பிரஷர் டேங்கில் இருக்கும் அழுத்தம் மெல்ல இறங்கும். இரவு இரண்டு மணிக்கு, உள்ளே ஒருவரும் இல்லாதபோது, ஒரே ஒரு டொர்ர். இரண்டு முறை வாஷர் மாற்றிவிட்டேன். இன்னும் விழித்துக்கொள்கிறேன்.

இத்தனைக்கும் சீட்டைக் குறை சொல்ல வாய் வரவில்லை. வெந்நீரைவிட என்னைக் கவிழ்த்தது உட்காரும் இடத்தின் சூடுதான். குளிரில் கூனிக்குறுகி உள்ளே போகிறவன், உட்கார்ந்ததும் தோள் தானாக இறங்குகிறது. விளம்பரத்தில் இதைப் படித்தபோது பணக்காரச் சோம்பேறித்தனம் என்று சிரித்திருக்கிறேன். அப்பா செய்தித்தாளோடு உள்ளே போக ஆரம்பித்தார். மூலம் ஆனவர் அதிக நேரம் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அவர் போகும் நேரத்தில் மட்டும் சூட்டைக் கடைசிப் படிக்கு இறக்கி வைக்கிறேன். அவருக்குத் தெரியும். வெளியே வந்து முறைப்பார்.

வெந்நீர் ஒரு நிமிடத்துக்குத்தான் வரும், உள்ளே இருப்பது சின்னத் தொட்டி. அடுத்த ஆள் பத்து நிமிடம் கழித்துப் போவது நல்லது. காயவைக்கும் காற்று வெறும் அலங்காரம், துண்டு போதும். கரன்ட் இரண்டு மாதத்துக்குச் சுமார் 40 யூனிட் கூடியது. எங்களுக்கு வருவது ஊற்றுத் தண்ணீர் என்பதால், ஜூன் தொடங்கி மழை ஓயும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழற்றிப் பழைய டூத் பிரஷ்ஷால் மண்ணைத் தேய்க்க வேண்டும்.

இரண்டு வருட வாரன்டி முடிந்து மூன்றாவது வாரம், ஐப்பசி இடி மழையில் போர்டு போனது. சர்வீஸ் ஆள் மலைக்கு வரமாட்டாராம், நாங்களே கொண்டுவர வேண்டுமாம். சீட்டைக் கழற்றிச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் வழியாகப் பஸ்ஸில் போனேன். "என்ன சார், வீணையா?" என்றார் கண்டக்டர். ஆமாம் என்றேன். திரும்பி வரப் பதினோரு நாள் ஆனது. அப்பா மறுபடி சொம்புக்குப் போனார், ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் நாள் மட்டும், "அது எப்ப வரும்?" என்றார்.

நண்பனுக்கு இப்போது சொல்வது: வேண்டாம். கோவையில் குழாய்த் தண்ணீர் ஒன்றும் உறைவதில்லை, சில நூறு ரூபாய் ஹெல்த் ஃபாசெட்டே யதேஷ்டம். மலையில் இருப்பவர்களானால் கடைக்குப் போகும் முன் டேப்பை எடுத்துத் தொட்டியின் உயரத்தை அளக்கட்டும். ஐந்து மீட்டர் இல்லையென்றால் அதோடு விட்டுவிடட்டும். போர்டு போன பிறகு வாங்கிய ஸ்டெபிலைசரை முதல் நாளே வாங்கட்டும். கீசர் தண்ணீரை ஃபாசெட்டுக்கு இழுத்திருந்தால் இந்தச் செலவில் கால்வாசிதான் ஆகியிருக்கும் என்று என் மனைவி இரண்டு வருடமாகச் சொல்கிறாள். அவள் சொல்வது சரி.

குன்னூரில் தங்கை குடியிருப்பது கீழ்த்தளத்தில். தொட்டி மூன்றாம் மாடிக்கு மேலே, பம்பு தேவைப்படாது. அதே சீட்டை நேற்று ஆஃபரில் அவள் முகவரிக்கு ஆர்டர் போட்டேன். கேட்டது தங்கை அல்ல, அவள் மாமனார்.