தடித்த பிளானரா, 555 புத்தகமா? சுங்கை சிப்புட் கடைகளில் புத்தாண்டுக்கு எதை வாங்கலாம்

டிசம்பர் பிறந்ததும் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்து எழுதுபொருள் கடைகளில் மூன்று சாமான்கள் வாசலுக்கு வந்துவிடுகின்றன. கெட்டி அட்டை போட்ட 2026 பிளானர், நாற்பது வெள்ளியும் (ரிங்கிட்) அதற்கு மேலும். குதிரைப் பந்தய நாள்களைக் குறித்து வருவதால் குதிரை நாட்காட்டி எனப்படும் சுவர் நாட்காட்டி, பத்து வெள்ளியை ஒட்டி. கல்லாவுக்குப் பக்கத்தில் கட்டாகக் கிடக்கும் 555 சிறு புத்தகம், இரண்டு வெள்ளி கொடுத்தால் மீதிச் சில்லறை வரும். இந்த வருஷம் நடக்க வேண்டும், பணம் சேர்க்க வேண்டும், சீனியைக் குறைக்க வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் பிளானரைத்தான் எடுக்கிறார்கள். எங்கள் பரிந்துரை மற்ற இரண்டும்.

முதலில் பிளானர். கையில் எடுத்தால் ஆசையாகத்தான் இருக்கும். திறந்தவுடன் கனவுப் பக்கம், ஐந்தாண்டுத் திட்டம், நன்றிப் பட்டியல். பிறகு உடல், பணம், குடும்பம், வேலை, கல்வி, ஆன்மிகம், நட்பு, ஓய்வு என்று எட்டுக் கட்டம். கட்டத்துக்கு மூன்று இலக்கு. மொத்தம் இருபத்து நான்கு. விடியுமுன் தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய் நிற்கிறவருக்கும், தொழிற்சாலை பஸ்ஸுக்காக ரோட்டோரம் காத்திருக்கிறவருக்கும் ஒரு நாளில் தமக்கென்று மிஞ்சுவது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் இருபத்து நான்கு இலக்கை வைத்தால் இருபத்து நான்கும் சேர்ந்து விழும். பிளானரின் பெரிய குறை இதுதான்: காலிக் கட்டம் இருக்கிறது என்பதற்காகவே அது இலக்கு எழுத வைக்கிறது.

இரண்டாவது குறை, முன்னுரையில் வரும் ஒரு கதை. 1953-இல் யேல் பல்கலைக்கழகத்தில் இலக்கை எழுதி வைத்த 3 விழுக்காட்டு மாணவர்கள், பிற்காலத்தில் மீதி 97 விழுக்காட்டினரின் மொத்தச் சொத்தைவிட அதிகம் சேர்த்தார்கள் என்பார்கள். தன்முனைப்புப் பேச்சாளர்களும் மேடைதோறும் இதைச் சொல்வதுண்டு. அப்படி ஓர் ஆய்வு நடந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை. உங்கள் பிளானரில் அந்தப் பத்தி இருந்தால், அதைத் தயாரித்தவர் சரிபார்க்கவில்லை என்று பொருள். உண்மையில் நடந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. ஜான் நார்கிராஸ் குழுவினர் 2002-இல் வெளியிட்டது. புத்தாண்டுத் தீர்மானம் எடுத்தவர்களில் 46 விழுக்காட்டினர் ஆறு மாதம் கழித்தும் அதைக் காத்து வந்தார்கள். அதே மாற்றத்தை விரும்பியும் தீர்மானம் எடுக்காதவர்களில் 4 விழுக்காட்டினர் மட்டுமே. ஆகவே தீர்மானம் எடுப்பது வீண் வேலை என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

தாள் விஷயமும் உண்டு. வழவழப்பான தாளில் பந்துமுனைப் பேனா வழுக்கும், மைப்பேனா ஈஷும். நம் ஊர் ஈரத்தில் பசை வைத்து ஒட்டிய முதுகு சில மாதத்தில் விட்டுக்கொடுக்கும். சுருள் கம்பிப் பிளானரை மோட்டார் சீட்டுக்கு அடியில் போட்டால் கம்பி நெளிந்து பக்கம் புரளாது. வெளிநாட்டில் அச்சான பிளானரில் விடுமுறைகளும் ஒத்து வராது. 2026 பிப்ரவரி 1 தைப்பூசம், ஞாயிற்றுக்கிழமை. நவம்பர் 6 வெள்ளிக்கிழமை பேராக் சுல்தானின் பிறந்தநாள், 8 ஞாயிறு தீபாவளி, மறுநாள் மாற்று விடுமுறை. பழக்கம் அறுந்துபோவதே இப்படிப்பட்ட நீண்ட விடுமுறைகளில்தான். அதை முன்கூட்டிக் காட்டாத பிளானருக்கு நாற்பது வெள்ளி அதிகம்.

குதிரை நாட்காட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எண் பெரிது, கூடத்தின் அந்தக் கோடியிலிருந்தும் தெரியும். பொது விடுமுறை சிவப்பில், பள்ளி விடுமுறை தனியாக, சீனர், இஸ்லாமியர் தேதிகளும் உண்டு. பந்தய நாள் குறி இன்று பலருக்குத் தேவைப்படாது; சிங்கப்பூரில் 2024 அக்டோபர் 5-ஆம் தேதியோடு பந்தயமே நின்றுவிட்டது. தேதிக் கட்டம் நெருக்கமாக இருப்பதால் அதில் எழுத இடம் கிடையாது. அதற்காக அதை வாங்கவும் வேண்டாம். எந்த வாரம் இடறும் என்று முன்கூட்டிப் பார்ப்பதற்கு மட்டும் வாங்குங்கள்.

இனி 555. மளிகைக் கடையில் பற்று எழுதிய புத்தகம் என்றே நம் வீடுகளுக்கு இது அறிமுகம். தேதி, சாமான், தொகை. சம்பளம் வந்ததும் கூட்டிப் பார்த்து அடைத்துவிட்டுக் கோடு இழுப்பது. தீர்மானத்துக்கும் அதே மூன்று போதும்: என்றைக்கு, எதை, எவ்வளவு. சட்டைப் பையில் அடங்கும், காலிக் கட்டம் காட்டி ஆசை மூட்டாது.

அதைக் கோடு போடும் முறைக்குத் தோட்டத்தில் இன்னொரு பழைய முன்மாதிரி இருக்கிறது. கிராணியின், அதாவது தோட்ட எழுத்தரின் செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு. இடப்பக்கம் பெயர், மேலே தேதி, வந்தால் ஒரு கோடு, மாதக் கடைசியில் கூட்டல். பிளானர்க்காரர்கள் பழக்க அட்டவணை என்று வண்ணம் தீட்டி விற்பது இதைத்தான். 555-இன் விரித்த இரு பக்கம் ஒரு வாரம். இடப்பக்கம் இலக்கு, மூன்றுக்கு மேல் கூடாது. ஏழு கோடு கிழித்துத் திங்கள் முதல் ஞாயிறு வரை. முழுதாகச் செய்தால் ஒரு கோடு, பாதி செய்தால் அரை, மழையோ காய்ச்சலோ தடுத்தால் ‘ம’, சும்மா விட்டிருந்தால் சுழி. வலப்பக்கம் காலியாக இருக்கட்டும். சுழி விழுந்த நாளில் ஏன் என்று நாலு வார்த்தை எழுத அது வேண்டும்.

13 வாரத்துக்கு 26 பக்கம். ஒரு புத்தகத்தில் தாராளமாக அடங்கும். 2026 ஜனவரி 5 திங்கட்கிழமை தொடங்கினால் ஏப்ரல் 5 ஞாயிறு முடியும். வருஷத்துக்கு நான்கு புத்தகம்.

முதல் பக்கத்தில் எழுதும் வாசகத்தில்தான் பாதி வெற்றி இருக்கிறது. ‘இனிப்பை விடுவேன்’ என்று எழுதாதீர்கள். ‘காலையில் கடையில் தே ஓ கோசோங் (சீனியில்லா வரத்தேநீர்) கேட்பேன்’ என்று எழுதுங்கள். சுவீடனில் 1,066 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றைச் செய்வதாகத் தீர்மானித்தவர்களில் 58.9 விழுக்காட்டினரும், ஒன்றைத் தவிர்ப்பதாகத் தீர்மானித்தவர்களில் 47.1 விழுக்காட்டினரும் வெற்றி கண்டதாகச் சொன்னார்கள். காரணம் கடைவாசலிலேயே விளங்கும்: தம்பி வந்து “என்ன தண்ணி?” என்று கேட்கும்போது வாயில் ஒரு பதில் தயாராக இருக்க வேண்டும். ‘வேண்டாம்’ என்பது பாதிப் பதில்தான்.

அதற்கு அடுத்த வரி, தடங்கல் வரி. ‘சாயங்காலம் ஆறு மணிக்குத் திடலைச் சுற்றி 20 நிமிடம் நடப்பேன்’ என்றால், ‘மழை பெய்தால் அஞ்சடியில் (கடைவரிசையின் கூரையிட்ட நடைபாதை) 20 நிமிடம் நடப்பேன்’ என்பதையும் அன்றைக்கே எழுதிவிட வேண்டும். இது நடந்தால் அதைச் செய்வேன் என்ற இந்த வாசக அமைப்பை உளவியலாளர் பீட்டர் கால்விட்ஸர் வகுத்தார். 2006-இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது இலக்கை எட்டுவதில் அது குறிப்பிடத்தக்க அளவு உதவியது தெரிந்தது. சாயங்கால மழை நம் பக்கம் புதிதல்ல. வானம் இருண்ட பிறகு யோசிக்கத் தொடங்கினால் அன்றைக்கு நடை இல்லை.

பணத்துக்கும் இதே முறை. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி போய், சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் பிடித்தால் கைக்கு வருவது 1,500-ஐ ஒட்டி. ‘மாதம் 500 சேர்ப்பேன்’ என்பது இரண்டாம் மாதமே உடையும். வேலை நாளுக்கு 3 வெள்ளி, வாரம் ஆறு நாள், 13 வாரம்: 234 வெள்ளி. 5 வெள்ளி முடியுமென்றால் 390. இந்த ஊரில் பிறந்து அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். துண்டாடி விற்கப்பட்டு வந்த தோட்டங்களை வாங்கத் தொழிலாளர்கள் பங்குப் பணத்தைத் தவணை தவணையாகத்தான் கட்டினார்கள். சிறு தொகை, குறித்த நாள், எழுத்தில் கணக்கு என்பது நம் மக்களுக்குத் தெரிந்த வழி.

விரதத்தையும் இங்கே நினைக்க வேண்டும். தைப்பூசத்துக்கு 21 நாள், 48 நாள் பிசகாமல் விரதம் இருப்பவரே, நடைப்பயிற்சியை ஒரு வாரத்தில் விட்டுவிடுகிறார். மன உறுதி குறைவு என்று அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. விரதத்துக்கு முடிவு நாள் உண்டு, எதை உண்ணலாம் என்ற கண்டிப்பு உண்டு, வீடே கூட நிற்கும். இந்த மூன்றையும் நடைப்பயிற்சிக்குக் கொடுங்கள்: 13 வாரம், திடல், வாரத்துக்கு ஒரு முறை புத்தகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட அக்காவோ மச்சானோ ஓர் ஆள்.

எங்கே கெட்டுப்போகிறது என்று பார்த்தால், முதலில் பதிவில். செக்ரோலை ஒரு வாரம் கழித்து ஞாபகத்தில் எழுதும் கிராணி வேலையில் நிலைக்க மாட்டார். புத்தகமும் அப்படித்தான், அன்றன்று இரவு படுக்குமுன் எழுத வேண்டும். அடுத்தது, விட்ட நாளை ஈடுகட்டுவதற்காக மறுநாள் இரட்டிப்பாகச் செய்வது. கால் வலிக்கும், மூன்றாம் நாளும் போகும். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நாள் தவறுவது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. பழக்கம் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது; கணிப்பில் ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. ஜனவரி 5-இல் தொடங்கியவருக்கு 66-ஆம் நாள் மார்ச் 11. 254-ஆம் நாள் செப்டம்பர் 15. இருபத்தோரு நாளில் பழக்கம் வந்துவிடும் என்ற பேச்சை நம்பி ஜனவரிக் கடைசியில் ஏமாந்து புத்தகத்தை மூடிவிடாதீர்கள்.

மாதக் கணக்குக்குச் சம்பள நாளை வைத்துக்கொள்ளலாம். சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் கூலி கொடுக்க வேண்டும் என்பது 1955 வேலைவாய்ப்புச் சட்டம். ஆகவே ஏழாம் தேதி மறக்காது. கோடுகளைக் கூட்டுங்கள். ஓர் இலக்கில் பாதிக்கும் கீழே விழுந்திருந்தால் வலப்பக்கக் குறிப்புகளைப் படித்து அளவைக் குறையுங்கள், இலக்கை எடுத்துவிடாதீர்கள். 20 நிமிடம் 10 நிமிடமாகட்டும்.

555-க்கும் குறை உண்டு. தாள் மெல்லியது, ஜெல் பேனா மறுபக்கம் தெரியும். சாதாரண நீலப் பந்துமுனைப் பேனா போதும். நடுவில் அடித்த கம்பி வியர்வையில் துருப்பிடிக்கும், ஒரு தாளைக் கிழித்தால் எதிர்த்தாளும் கழன்றுவிடும். வெளிக்காட்டு வேலைக்குக் கொண்டுபோனால் ஐஸ்கட்டிப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைச் சுருட்டிக்கொள்ளுங்கள். அட்டையில் தேதி எழுதாவிட்டால் மளிகைக் கணக்குப் புத்தகத்தோடு கலந்துபோகும். கண் மங்கியவர்களுக்கு வரி நெருக்கம் சிரமம். அவர்கள் பள்ளிப் பிள்ளைகளின் நோட்டு எடுக்கட்டும், கோடு போடும் முறை ஒன்றே. ஐந்தாம் படிவத்தில் எஸ்பிஎம் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கும், கடை நடத்துகிறவர்களுக்கும் நேரம் குறித்த பக்கங்கள் வேண்டியிருக்கும், அவர்களுக்குப் பிளானர் உதவும். முன்பகுதி இலக்குப் பக்கங்களைத் தாண்டிவிடச் சொல்லுங்கள்.

ஜனவரி தவறிப்போனால் 2027 வரை காத்திருக்க வேண்டாம். புதுத் தொடக்கமாகத் தோன்றும் நாள்களில் மக்கள் இலக்குகளில் கூடுதலாக இறங்குகிறார்கள் என்று டாய், மில்க்மன், ரீஸ் ஆகியோர் 2014-இல் காட்டினார்கள். நமக்குப் பொங்கல், தைப்பூசம், ஏப்ரல் 14 சித்திரை என்று அத்தகைய நாள்களுக்குக் குறைவில்லை. இரண்டாம் புத்தகம் ஏப்ரல் 6-இல் தொடங்கும், சித்திரை அதற்கு எட்டு நாள் தள்ளி.

ஜனவரி பாதிக்கு மேல் குதிரை நாட்காட்டி கிடைப்பது சிரமம், அதை இப்போதே வாங்குங்கள். 555 ஆண்டு முழுதும் கிடைக்கும். நான்கையும் சேர்த்து வாங்கி அலமாரியில் வைத்தால் கம்பி துருவேறும். ஒன்று முடியும்போது அடுத்தது.