சரிவில் நிற்கும் முக்காலிக்கு எந்தத் தலை?

இலங்கை மலையகத்தில் நிலக்காட்சி எடுப்பவருக்கு, கடற்கரையில் நிற்பவருக்கு வாய்க்கும் நேரான அடிவானம் கிடைப்பதில்லை. தேயிலை நிரைகள் ஒரு பக்கம் சாய, வீதி மறுபக்கம் ஏற, எது மட்டம் என்பதில் கண்ணே ஏமாந்துவிடுகிறது. ஆகவே முக்காலியின் கால்களைப் பற்றிப் பேசுமளவுக்கு, கெமராவைத் தாங்கும் அதன் தலையைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

பலரிடமும் இருப்பது பந்துத் தலை. ஒரு குமிழைத் தளர்த்தினால் கெமரா எத்திசைக்கும் திரும்பும், இறுக்கினால் நிற்கும். வேகத்தில் அதற்கு நிகரில்லை. ஆனால் எல்லா அச்சுகளும் ஒன்றாகவே விடுபடுவதால், பக்கச் சாய்வைத் திருத்தப் போய் ஏற்ற இறக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறோம். பாரமான லென்ஸைப் பூட்டிக் கையை எடுத்ததும் சட்டகம் மயிரிழையளவு தாழ்வதும் உண்டு. 97 மீற்றர் உயரமான டெவன் நீர்வீழ்ச்சியை வீதியிலிருந்து நீண்ட லென்ஸால் நெருக்கி எடுக்கும்போது, உச்சி வெட்டுப்பட அந்த மயிரிழையே போதும்.

மூன்று கைப்பிடித் தலையில் அச்சுகள் தனித்தனியே இயங்கும். எனினும் தளர்த்தும் கணத்தில் பாரம் கையில் இறங்குகிறது. இறுக்கும்போது சட்டகம் சற்று நகர்கிறது. நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடிகள் பைக்குள் அடங்குவதுமில்லை.

பற்சக்கரத் தலையின் போக்கே வேறு. மூன்று குமிழ்களும் ஆளுக்கோர் அச்சைப் பற்கள் வழியே நகர்த்துகின்றன. திருகுவதை நிறுத்திய இடத்தில் கெமரா நிற்கும், தனியாகப் பூட்ட வேண்டியதில்லை. மன்புரோட்டோ 410 போன்றவற்றில், பற்களை விலக்கிக் கெமராவை ஒரேயடியாகத் திருப்பவும் வசதி உண்டு. முதல் சில வாரங்கள் என் கை பழைய பழக்கத்தில் இல்லாத பூட்டைத் தேடியது. வேண்டிய குமிழுக்குப் பக்கத்துக் குமிழைத் திருகியது. ஒருமுறை லென்ஸைப் பிடிக்காமலே பற்களை விலக்கிவிட, கெமரா முன்பக்கமாகக் கவிழ்ந்தது. இப்போது இடக்கை லென்ஸைத் தாங்கிய பின்னரே வலக்கை அந்த வேலைக்குப் போகிறது.

உண்மையில் பழக நாளெடுத்தது குமிழ்களுக்கல்ல, கால்களுக்கு. இத்தலையில் கிடையாகச் சுழலும் அச்சு அடியில் இருப்பதால், அடித்தளம் மட்டமில்லையெனில் கெமராவைப் பக்கவாட்டில் திருப்பும்போதெல்லாம் முன்பு செய்த திருத்தம் கெட்டுவிடும். பந்துத் தலையோ கோணலான கால்களையும் பொறுத்துக்கொள்ளும். ஆகவே சரிவில் முதலில் மேட்டுப்பக்கக் காலைச் சுருக்கி அடித்தளத்தை மட்டமாக்கி, அடுத்துப் பக்கச் சாய்வு, பிறகு ஏற்ற இறக்கம் என்று வரிசைப்படுத்திக்கொண்டேன். (மழைக்காலத்தில் இதற்காக மண்டியிடுபவர் காலுறைக்குள் அட்டை ஏறுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.)

இந்தச் சிரமத்துக்குப் பலன் தெமோதரையில் கிடைத்தது. 91 மீற்றர் நீளமும் 24 மீற்றர் உயரமுமான ஒன்பது வளைவுப் பாலத்தின் தூண்கள் செங்குத்தாக விழாவிட்டால் படமே சரிந்ததுபோலத் தோன்றும். ரயிலுக்காகக் காத்திருந்த நேரத்தில் கால் திருகு, அரைத் திருகு எனத் தூண்களை நிமிர்த்த முடிந்தது. ஒன்றைத் திருத்த மற்றொன்று கெடவில்லை. ஓட்டன் சமவெளியின் உலக முடிவு எனும் மலைவிளிம்பிலோ நிலைமை தலைகீழ்: மூடுபனி எந்தப் பக்கம் விலகும் என்பது தெரியாது, விலகினாலும் சில விநாடிகள்தான். அங்கே குமிழ் திருகிக்கொண்டிருப்பவருக்கு வெண்மைதான் மிஞ்சும்.

பாரமும் ஒரு கேள்வி. 410 மட்டும் 1.22 கிலோகிராம்; என் பந்துத் தலை அதில் பாதிகூட இல்லை. தம்பேதன்னை தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் எனும் மலையுச்சிக் காட்சிமுனைக்கு ஏறும் சுமார் 7 கிலோமீற்றரில் அந்த வித்தியாசத்தைத் தோள் உணரும்.

பெரும்பாலான முக்காலிகளில் தலையைப் பொருத்தும் திருகாணி 3/8 அங்குலம் என்பதால், ஒரே கால்களில் இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். பாலம், அருவி, தொழிற்சாலைக் கட்டடம் என்றால் பற்சக்கரத் தலையையும், நடையும் மூடுபனியும் என்றால் பந்துத் தலையையும் எடுத்துச் செல்கிறேன். மூன்று கைப்பிடித் தலையை விற்றுவிட்டேன்.